எந்த ஆல்பம் தலைசிறந்தது? வாதாட வருவோர்க்கு ஓர் அறிமுகம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில், கல்யாணத்துக்கு முந்தின இரவு பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து பிரியாணிக்கு வெங்காயம் உரிக்கும் கூட்டத்தில் எழாத வழக்கு கிடையாது. அண்மையில் அப்படி ஓர் இரவில் என் அக்காவின் மகன், “உலகத்திலேயே மிகச் சிறந்த ஆல்பம் எது?” என்று கேட்டுவிட்டு, யாரும் வாய் திறக்கும் முன்பே கைபேசியில் ஒரு பட்டியலை எடுத்துக் காட்டினான். அதிகமாக விற்றது எதுவோ அதுவே சிறந்தது, ஆகவே மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’தான் என்றார் பெரியப்பா. பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’ வந்திராவிட்டால் நம் நாட்டு இசையை வெளியுலகம் திரும்பிப் பார்த்திருக்காது என்றார் அண்ணன். தொண்ணூறு வயதை நெருங்கும் எங்கள் ஆயா, “பாட்டு நல்லா இருந்தா கேட்டுட்டுப் போங்களேன், அதுக்கு எதுக்குடா முதல் பரிசு?” என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். வெங்காயம் தீர்ந்தும் வழக்குத் தீரவில்லை.

தீராததற்குக் காரணம் எளிது. பெரியப்பா விற்பனையைப் பற்றியும், அண்ணன் வரலாற்று விளைவைப் பற்றியும், பையன் வாக்கெடுப்பைப் பற்றியும் பேசினார்கள். ‘சிறந்தது’ என்ற ஒரே சொல்லை மூன்று வேறு அளவுகோல்களுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று, அதாவது ஆல்பம் என்றால் என்ன என்பது, யாருக்கும் தோன்றவில்லை. இந்த வழக்குக்குப் புதியவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

புகைப்படங்களை ஒட்டி வைக்கும் புத்தகத்தையும் ஆல்பம் என்கிறோம், பாட்டுத் தொகுப்பையும் ஆல்பம் என்கிறோம். இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்ததற்குக் காரணம் உண்டு. 1940-களின் இறுதிவரை இசைத்தட்டுகள் அரக்குக் கலவையால் செய்யப்பட்டு, நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழன்றன. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசைதான் அடங்கும். (அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது, வளையல்காரரும் கடிதத்துக்கு முத்திரை வைப்பவரும் பயன்படுத்திய அதே பொருள்தான் அது.) நீண்ட இசைப் படைப்பு ஒன்றை விற்க வேண்டுமானால் பல தட்டுகளில் பிரித்துப் பதிந்து, தாள் உறைகளைத் தைத்துக் கட்டிய ஒரு புத்தகத்துக்குள் செருகிக் கொடுத்தார்கள். பார்வைக்குப் புகைப்பட ஆல்பம் போலவே இருந்ததால் பெயரும் அதுவே ஆயிற்று.

1948 ஜூனில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம், வினைல் பிளாஸ்டிக்கால் ஆன 12 அங்குல நெடுந்தட்டை, அதாவது நம் வீடுகளில் ‘எல்.பி.’ என்று வழங்கிய தட்டை, வெளியிட்டது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகளே சுழன்றதாலும் தடங்கள் மிக நுண்மையாக வெட்டப்பட்டதாலும் ஒரு பக்கத்தில் சுமார் 22 நிமிட இசை அடங்கியது. இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் என்ற இந்த அளவை எந்த இசையமைப்பாளரும் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. பிளாஸ்டிக்கும் ஊசியும் விதித்த எல்லை அது. ஆயினும், இன்று தலைசிறந்தவை என்று சொல்லப்படும் ஆல்பங்களில் மிகப் பல இந்த எல்லைக்குள் பிறந்தவை என்பதால், அவற்றின் வடிவத்தைப் புரிந்துகொள்ள அந்த எல்லையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தட்டு எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுழல்கிறது. ஆனால் வெளி விளிம்பில் இருக்கும் தடம் ஊசியின் கீழ் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் ஓடும்போது, நடுவை நெருங்கிய தடம் 21 சென்டிமீட்டர் அளவே ஓடுகிறது. அதே ஒரு நொடி இசையை, வெளி விளிம்பில் கிடைத்ததில் பாதியைவிடக் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதவேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பகுதியில் கூர்மையான ஒலிகள் மங்கும், உரத்த ஒலிகள் சிதையும். ஆகவே ஆர்ப்பாட்டமான பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்திலும், அமைதியான பாட்டை முடிவிலும் வைப்பது வழக்கமாயிற்று. முதல் பக்கம் முடிந்ததும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும் என்பதால், ஆல்பத்துக்கு இயல்பாகவே ஓர் இடைவேளையும் இரண்டாவது தொடக்கமும் அமைந்தன. குறுந்தகடு வந்த பின்னர் அந்த இடைவேளை போய்விட்டது. கைபேசியில் கேட்கிற பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருந்தது என்பதே தெரியாது.

பாட்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்பது தமிழருக்குப் புதிய கவலையன்று. அகநானூற்றைத் தொகுத்தவர், 1, 3, 5, 7, 9 என ஒற்றைப்படை எண்களிலெல்லாம் பாலைப் பாட்டையும், 2, 8 ஆகியவற்றில் குறிஞ்சியையும், 4-இல் முல்லையையும், 6-இல் மருதத்தையும், 10-இல் நெய்தலையும் வைத்து, நானூறு பாட்டு முழுவதும் இந்த ஒழுங்கு பிசகாமல் அடுக்கியிருக்கிறார். பாட்டின் எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். பல புலவர்கள் பல காலத்தில் பாடியவற்றை ஒன்றுசேர்த்து, அடுத்தடுத்து வரும்போது ஒன்றுக்கொன்று ஒளி கூட்டுமாறு வைப்பதே தொகை. மேடைக் கச்சேரியிலும் இதே அக்கறையைக் காணலாம்: வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகளைக் கடந்து, விரிவான உருப்படிக்கு வந்து, துக்கடாக்களில் இளைப்பாறி, மங்களத்தில் முடிவதாக இன்று நாம் அறியும் கச்சேரி முறையை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். நல்ல பத்துக் கீர்த்தனைகளைக் கண்டபடி பாடிவிட்டுப் போனால் அது நல்ல கச்சேரி ஆகாது என்று ஒப்புக்கொள்பவர்கள், ஆல்பத்தையும் அப்படியே அளக்கலாம்.

தனிப்பாட்டுகளின் விற்பனையை நம்பியிருந்த மேற்கத்திய மெல்லிசை, இந்தத் தொகை உணர்ச்சியை 1960-களின் நடுவில்தான் முழுமையாகப் பெற்றது. அதற்கு முன்பு, பெயர்பெற்ற இரண்டு பாட்டோடு கடனுக்கு எட்டுப் பாட்டைச் சேர்த்து நெடுந்தட்டாக விற்பதே இளைஞர் இசையில் பெருவழக்காக இருந்தது. 1965 டிசம்பரில் பீட்டில்ஸ் வெளியிட்ட ‘ரப்பர் சோல்’ ஆல்பத்தைக் கேட்டு, அதில் கழித்துவிடத்தக்க பாட்டே இல்லை என்று வியந்த பிரையன் வில்சன், தம்முடைய பீச் பாய்ஸ் குழுவுக்காக ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தை உருவாக்கினார். அது 1966 மே மாதம் வந்தது. அதைக் கேட்ட பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி அதை மிஞ்ச விரும்பியதன் விளைவாக, 1967-இல் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ வந்தது. ஒரே நேரத்தில் நான்கு ஒலி வரிசைகளை மட்டுமே தனித்தனியாகப் பதியக்கூடிய ஒலிப்பதிவுக் கருவிகளில் மாதக்கணக்கில் உழைத்து, பாட்டுகளுக்கு இடையே வழக்கமாக விடும் மௌனத்தைக் குறைத்து, பாடல் வரிகளை அட்டையிலேயே அச்சிட்டு, ஒரு கற்பனை வாத்தியக் குழுவின் நிகழ்ச்சியைப் போல அதை அமைத்தார்கள். ‘தலைசிறந்த ஆல்பம்’ என்ற பேச்சே பெரும்பாலும் இந்த மூன்று தட்டுகளின் போட்டியிலிருந்து கிளைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

டர்பன்காரர்கள் இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1960-களில் நம் நகரத்தில் எழுந்த ‘தி ஃபிளேம்ஸ்’ என்ற குழுவைச் சேர்ந்த ரிக்கி ஃபட்டாரும் பிளாண்டி சாப்ளினும் 1972-இல் அதே பீச் பாய்ஸ் குழுவில் சேர்ந்தார்கள். 1973-இல் வந்த ‘ஹாலண்ட்’ ஆல்பத்தின் முதல் பாட்டில் முன்னின்று பாடும் குரல் சாப்ளினுடையது. இது ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தின் தகுதியை ஒரு குன்றிமணியும் கூட்டாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அந்தத் தட்டை நான் கேட்கும்போது கொஞ்சம் சொந்தக்காரனாகக் கேட்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை, ஏனெனில் இத்தகைய சார்பு எல்லோரிடமும் உண்டு, பட்டியல் போடுகிறவர்களிடமும் உண்டு.

ஆல்பத்தைத் தொகையாக எடுத்துக்கொண்டால், சோதிப்பதற்கு எளிய வழி ஒன்று கிடைக்கிறது. ஏதேனும் ஒரு பாட்டை உருவிவிட்டு மற்றவற்றைக் கேட்டுப் பாருங்கள். எஞ்சியது சிதைந்து தோன்றினால் அது முழுமையான ஆல்பம், ஒன்றும் ஆகவில்லை என்றால் அது நல்ல பாட்டுகளின் மூட்டை. மார்வின் கே 1971-இல் வெளியிட்ட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இந்தச் சோதனையில் எளிதாக வெல்கிறது: வியட்நாம் போரிலிருந்து வீடு திரும்பிய ஒருவரின் கண்ணில் படும் ஊரைப் பற்றிய அதன் ஒன்பது பாட்டுகளும் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கசிந்து ஓடுகின்றன, எங்கே கத்தரிப்பது என்றே தெரியாது. மைல்ஸ் டேவிஸ் 1959-இல் இரண்டே நாள் பதிவில் முடித்த ‘கைண்ட் ஆஃப் புளூ’ ஆல்பத்தில் ஐந்தே உருப்படிகள். அடிக்கடி மாறும் ஸ்வரக்கூட்டுகளின் பின்னால் ஓடாமல், ஒரு ஸ்வர வரிசையில் நின்று நிதானமாக விரித்துக்கொண்டே போகும் அதன் முறை, ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு மற்ற ஜாஸ் இசையைவிட விரைவில் பிடிபடும். முதல் ஆல்பமாக எதைக் கேட்பது என்று என்னிடம் கேட்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

இனிப் பெரியப்பாவின் அளவுகோலுக்கு வருவோம். விற்பனையை எண்ணலாம், அதனால் வாதத்தை முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. 1982 இறுதியில் வெளியான ‘த்ரில்லர்’ அமெரிக்காவின் ‘பில்போர்டு’ இதழ் வாரந்தோறும் வெளியிடும் ஆல்பம் பட்டியலில் 37 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதன் ஒன்பது பாட்டுகளில் ஏழு தனித்தட்டாக வெளியிடப்பட்டு ஏழுமே முதல் பத்துக்குள் வந்தன. உலக அளவில் அதிகம் விற்றது அதுவே என்று பொதுவாக ஏற்கப்படுகிறது. ஆனால் அமெரிக்காவை மட்டும் எடுத்துக்கொண்டால், அங்குள்ள இசைப்பதிவுத் தொழில் சங்கம் 2018-இல் அளித்த சான்றின்படி, ‘ஈகிள்ஸ்’ குழு 1971 முதல் 1975 வரை பாடிய வெற்றிப் பாட்டுகளின் திரட்டு 3 கோடியே 80 லட்சம் என்ற கணக்கில் ‘த்ரில்லரை’ முந்திவிட்டது. வேறுவேறு தட்டுகளில் ஏற்கெனவே வந்த பாட்டுகளைச் சேர்த்த திரட்டு அது. அதைத் தலைசிறந்த ஆல்பம் என்று பெரியப்பாவே சொல்லமாட்டார். இதற்கு மேல், 2014 டிசம்பரிலிருந்து பில்போர்டு, ஓர் ஆல்பத்தின் பாட்டுகள் இணையத்தில் 1,500 முறை கேட்கப்பட்டால் அதை ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமமாகக் கொண்டு, பிறகு அந்தக் கணக்கையும் திருத்தியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துத் தேய்ந்துபோகும்வரை கேட்டதும், பேருந்தில் காதில் விழுந்து போனதும் ஒரே படியால் அளக்கப்படுகின்றன.

விற்பனையைவிட, எத்தனை காலம் நீடித்து விற்கிறது என்பதை நான் கூடுதலாக மதிக்கிறேன். பிங்க் ஃபிளாய்டு குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973-க்கும் 1988-க்கும் இடையே பில்போர்டு பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் இடம்பெற்றது. வெளியீட்டு விழாவின் ஆரவாரத்தால் இது நடக்காது. அண்ணன் கேட்டதைத் தம்பியும், தம்பி கேட்டதை அவன் மகனும் தேடிப்போனால்தான் நடக்கும்.

பையன் காட்டிய பட்டியல்களைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். இவற்றுள் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் வெளியிடும் 500 ஆல்பங்களின் வரிசை. 2003-இலும் 2012-இலும் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ முதலிடம் பெற்றது. 2020-இல் புதிதாக வாக்கெடுத்தபோது ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு வந்தது, ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ 24-ஆம் இடத்துக்கு இறங்கியது. இடையிலிருந்த எட்டு ஆண்டுகளில் அந்தத் தட்டில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை. மாறியவர்கள் வாக்காளர்கள்: முந்தைய வாக்கெடுப்பில் ராக் இசையோடு வளர்ந்த தலைமுறை மேலோங்கியிருந்தது; பிந்தையதில் இளையவர்களும், ஹிப்-ஹாப் இசையிலும் ‘சோல்’ எனப்படும் ஆன்ம இசையிலும் ஊறியவர்களும் கூடுதலாக இடம்பெற்றார்கள். அந்த இதழே 1967-இல், ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ வந்த அதே ஆண்டில், தொடங்கப்பட்டது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். தன்னோடு பிறந்ததை உயர்வாக நினைப்பது இதழுக்கும் இயல்புதானே. 2024-இல் ஆப்பிள் மியூசிக் வெளியிட்ட 100 ஆல்பங்களின் வரிசையில் பாடகி லாரின் ஹில்லின் 1998-ஆம் ஆண்டு ஆல்பம் முதலிடத்திலும் ‘த்ரில்லர்’ அடுத்த இடத்திலும் இருந்தன. பையனின் கைபேசியில் இருந்தது இதுதான். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் மூன்று பட்டியலிலும் ‘பெட் சவுண்ட்ஸ்’ எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். ‘ரோலிங் ஸ்டோன்’ வரிசையில் 2003, 2012, 2020 ஆகிய மூன்று முறையும் அது இரண்டாம் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. முதலிடத்துக்கு எவரும் பரிந்து பேசாத, ஆனால் எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்ளும் இரண்டாம் இடத்தைத்தான் நான் எப்போதும் கூர்ந்து பார்ப்பேன்.

இந்தப் பட்டியல்கள் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஆங்கிலப் பாட்டுகளுக்கு இட்ட வாக்குகள் என்ற குறையை நாம் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் குறை கொள்கையளவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு அது நேரிடையாகப் படுகிறது. 1860-இல் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் வழிவந்த நம்மில் பலர், தமிழில் உரையாட இயலாதபோதும் தமிழில் பாட முடிந்தவர்கள். கோயிலில் தேவாரத்தையும் கல்யாணத்தில் திரைப்பாட்டையும், ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் பிசகாமல் பாடும் உறவினர் எனக்கு உண்டு. சொற்பொருள் முழுமையாக எட்டாதபோதும் ஒரு தொகுப்பு ஒருவரின் வாழ்நாள் முழுவதையும் பிடித்து வைத்திருக்க முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி; பாடல் வரிகளின் நயத்தை முதன்மையாக வைத்து மதிப்பிடும் விமரிசகர்களின் அளவுகோலில் இதற்கு இடமே இல்லை.

அண்ணன் முன்வைத்த ‘கிரேஸ்லேண்ட்’ வழக்கு இவற்றைவிடச் சிக்கலானது. தென்னாப்பிரிக்க நகரியப் பகுதிகளின் (வெள்ளையர் அல்லாதாருக்கென்று ஒதுக்கிய குடியிருப்புகளின்) இசை பதிந்த ஒரு கேசட்டைக் கேட்டு மயங்கிய அமெரிக்கப் பாடகர் பால் சைமன், 1985-இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்து, கிட்டார் கலைஞர் ரே பிரி, பேஸ் கிட்டார் கலைஞர் பகிதி குமாலோ முதலியோரோடு பதிவுசெய்தார். அப்போது நிறவெறி ஆட்சிக்கு எதிராக ஐக்கிய நாடுகள் அவை 1980-இல் வலியுறுத்திய பண்பாட்டுப் புறக்கணிப்பு நடப்பில் இருந்தது. கலைஞர்கள் இந்நாட்டுக்கு வரவோ இந்நாட்டோடு கலைத்தொடர்பு வைக்கவோ கூடாது என்பது அதன் சாரம். புறக்கணிப்பை மீறியவர் என்று சைமனை ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசைச் சேர்ந்தோரும் வெளிநாடுகளில் இருந்த நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தாரும் கண்டித்தார்கள். கறுப்பினக் கலைஞர்களுக்கு நல்ல ஊதியமும் பெயரும் உலக மேடையும் தந்தவர் என்று மற்றவர்கள் வாதிட்டார்கள். 1986-இல் வெளியான அந்த ஆல்பம் அடுத்த ஆண்டு கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பம் ஆயிற்று.

அதில் பாடிய ‘லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ’ குழு, ஜோசப் ஷபலாலாவின் தலைமையில், நம் மாகாணத்து லேடிஸ்மித் ஊரின் பெயரைத் தாங்கியது. வாத்தியம் ஏதுமின்றிக் குரல்களை மட்டும் அடுக்கிப் பாடி, நுனிக்காலில் ஓசையின்றி அடிவைத்து ஆடும் ‘இசிகத்தமியா’ என்ற அவர்களின் கலை, ஊரைவிட்டுச் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் வேலைக்குப் போன சூலு இன ஆண்கள் தாங்கள் தங்கிய விடுதிகளில் வளர்த்தது. அவர்களுடைய ‘ஷாகா சூலு’ ஆல்பம் 1988-இல் கிராமி விருது பெற்றது. ஆக, அண்ணன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் ‘மிகுந்த விளைவை உண்டாக்கியது’ என்பதும் ‘மிகச் சிறந்தது’ என்பதும் ஒன்றாகிவிடுமா என்று கேட்டால் அண்ணன் பேச்சை மாற்றிவிடுவார். இன்னொரு கேள்வியையும் நான் விடாமல் கேட்பதுண்டு: அந்தத் தாளமும் அந்தக் கிட்டார் நடையும் யாருடையவை, அட்டையில் பெரிய எழுத்தில் யார் பெயர் இருக்கிறது? ஓர் ஆல்பத்தின் பெருமையைப் பேசும்போது அதை யார் செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பேசவேண்டிய கட்டாயத்தை ‘கிரேஸ்லேண்ட்’ உண்டாக்கியது. அதற்காகவே அதை ஒருமுறை முழுதாகக் கேட்கவேண்டும் என்பேன்.

எந்த ஊரில் கேட்கிறோம் என்பது தீர்ப்பை எவ்வளவு புரட்டிப்போடும் என்பதற்கு இந்நாட்டில் நடந்ததைப் போன்ற சான்று வேறெங்கும் கிடைப்பது அரிது. டெட்ராய்ட் நகரத்துப் பாடகர் சிக்ஸ்டோ ரொட்ரிகஸ் 1970-இல் வெளியிட்ட ‘கோல்டு ஃபாக்ட்’ ஆல்பம் அமெரிக்காவில் விற்கவே இல்லை. அவர் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அதே தட்டு தென்னாப்பிரிக்காவில், குறிப்பாக வெள்ளை இளைஞர்களின் வீடுகளில், பீட்டில்ஸ் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1976 வரை தொலைக்காட்சியே இல்லாத, வானொலி அரசின் கையில் இருந்த நாட்டில், ஆட்சியை எதிர்த்துப் பேசும் ஒரு குரலாக அதைக் கேட்டார்கள். பாடியவர் மேடையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார் என்று கதையும் கட்டினார்கள். உயிரோடு இருந்த அவர் 1998-இல் இங்கே வந்து நிறைந்த அரங்குகளில் பாடினார். அவரைப் பற்றிய ஆவணப்படம் 2013-இல் ஆஸ்கர் விருது பெற்றது. ஒரே தட்டு, ஒரே பாட்டு வரிசை. ஓர் ஊரில் குப்பைக்குப் போனது, இன்னோர் ஊரில் ஒரு தலைமுறையை வளர்த்தது. இதில் எந்த ஊரின் தீர்ப்பைச் சரி என்பது?

தமிழ்த் திரையிசையை இந்த வழக்கில் எங்கே வைப்பது என்பது தனிக் கட்டுரைக்குரியது. இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். திரைப்படப் பாட்டுகள் காட்சிக்காகப் பிறந்தவை. தொகுத்தவர் இசையமைப்பாளர் என்பதைவிடக் கதைதான். கேசட் காலத்தில் நாம் அந்தத் தொகுப்பையும் மதிக்கவில்லை: முதல் பக்கத்தில் ஒரு படம், மறுபக்கத்தில் இன்னொரு படம் என்று வாங்கினோம், பிடித்த பன்னிரண்டு பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்துக் கடையில் பதிந்தும் வாங்கினோம். அப்படி என் மாமா பதிந்து வைத்திருந்த கேசட்டின் வரிசை எனக்கு இன்றும் மனப்பாடம்; ஒரு பாட்டு எங்கே கேட்டாலும் அதன் முடிவில் அந்தக் கேசட்டின் அடுத்த பாட்டை என் காது எதிர்பார்க்கிறது. அதையும் ஆல்பம் என்றே சொல்வேன். ஆயினும் ஒரே கையால் முழுதாக இழைக்கப்பட்ட தொகைக்குத் தமிழில் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், இளையராஜா 1986-இல் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் என்பவருக்கும் காணிக்கையாக்கிய ‘ஹவ் டு நேம் இட்?’ என்ற வாத்திய இசை ஆல்பத்தைக் காட்டலாம். திரைப்படத்துக்குள்ளேயே தேடுவோர், ‘டைம்’ இதழ் 2005-இல் உலகின் பத்துச் சிறந்த திரையிசைத் தொகுப்புகளுள் ஒன்றாக ‘ரோஜா’ படத்தின் இசையைச் சேர்த்ததைச் சுட்டுவார்கள். பட்டியல்களை ஐயப்படச் சொன்ன நானே இந்தப் பட்டியலை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வதைக் கவனிப்பவர்கள் கவனித்திருப்பார்கள்.

வாதத்தில் இறங்குமுன் செய்யவேண்டியவை சில உண்டு. சொல்லப்போகும் ஆல்பத்தை, இடையில் எழாமல், தாண்டிப் போகாமல், வரிசையை மாற்றாமல், குறைந்தது மூன்று முறை கேட்டிருக்க வேண்டும். முதல் முறை பாட்டு பிடிக்கும், மூன்றாம் முறைதான் வரிசை பிடிபடும். விற்பனையா, விளைவா, முழுமையா, என் சொந்த விருப்பமா என்று அளவுகோலை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். எதிராளியின் ஆல்பத்தைக் கேட்காமல் தள்ளக்கூடாது. இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் வழக்கு முடியாது, ஆனால் கேட்பதற்கு நிறைய ஆல்பம் சேரும்.

அன்றிரவு என் வாக்கு எதற்கு என்று பையன் கேட்டான். நம் நாட்டு ஜாஸ் பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராஹிம் 1974-இல் கேப் டவுனில் பதிந்த ‘மானன்பெர்க்’ என்றேன். அந்நகரின் டிஸ்டிரிக்ட் சிக்ஸ் பகுதி 1966-இல் வெள்ளையருக்கென்று அறிவிக்கப்பட்டு, அங்கிருந்து விரட்டப்பட்ட மக்கள் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட நகரியங்களில் ஒன்று மானன்பெர்க். பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல் ஓடும் அந்த உருப்படியில் பேசில் கூட்சியின் சாக்சபோன் அழுகிறதா கொண்டாடுகிறதா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. டர்பனின் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வர்த்துக்கு வந்தவர்களின் வீட்டில் பிறந்த எனக்கு, அது வேறோர் ஊரின் கதையாகக் கேட்கவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் கோஹினூர் என்ற இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ரஷீத் வாலிதான் அதைத் தயாரித்து வெளியிட்டார் என்பதையும் கொஞ்சம் பெருமையோடு சொன்னேன்.

பையன் கைபேசியில் தேடிப் பார்த்தான். “மாமா, இதில் இரண்டே உருப்படிகள்தான் இருக்கின்றன. ஒரு பக்கத்துக்கு ஒன்று. ஒன்றை உருவிப் பார்த்தால் மற்றது சிதைய வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இரண்டாம் பக்கத்தை எடுத்துவிட்டால் உங்களுக்கு என்ன குறையும்?” என்று கேட்டான். இரண்டாம் பக்கத்தில் இருப்பது ‘தி பில்கிரிம்’. நான் அதைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. ஆயா சிரித்தார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தட்டைத் திருப்பிப் போட்டேன். இதுவரை இரண்டு முறை கேட்டிருக்கிறேன், மூன்றாவது முறை பாக்கி இருக்கிறது.